ஊசி நூலுக்கு ஒரு ‘எ’ போதும், பேனாவுக்கும் குடைக்கும் போதாது: இரட்டைப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் போடும் முழுமையான வழிகாட்டி

வேலூர்க் கோட்டைக்குள் ஒரு கோயில் இருக்கிறது, ஒரு மசூதி இருக்கிறது, ஒரு தேவாலயமும் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட “தி ஃபோர்ட் ஹேஸ் டெம்பிள், எ மாஸ்க் அண்ட் சர்ச்” என்று எழுதிவிடும். கோயிலை மட்டும் தனியாகக் கேட்டால் ‘எ டெம்பிள்’ என்று சரியாகச் சொல்லும் அதே பிள்ளைதான். இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து, நடுவில் ‘அண்ட்’ வந்து உட்கார்ந்ததும் எதற்கு ஆர்ட்டிகிள் போடுவது, எதற்கு விடுவது என்று கை தயங்குகிறது.

காரணம் பிள்ளையின் கவனக்குறைவு இல்லை. பள்ளியில் ஆர்ட்டிகிளை ஒற்றைப் பெயருக்குத்தான் சொல்லித் தருகிறார்கள். உயிர் ஒலிக்கு ‘ஆன்’, மற்றதற்கு ‘எ’, தெரிந்த பொருளுக்கு ‘தி’ என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஜோடியாக வரும் பெயர்களுக்கு வேறு சில விதிகள் உண்டு. அவற்றைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். மூன்று ஆர்ட்டிகிள்களையும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்று எழுதுகிறோம். பேச்சில் ‘எ’ என்பது பெரும்பாலும் ‘அ’ போலத் தேய்ந்துதான் ஒலிக்கும். அதனால்தான் காதால் கேட்டு இதைக் கற்றுக்கொள்வது சிரமமாக இருக்கிறது. எழுதிப் பார்த்துப் பழகுங்கள்.

முதல் படி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் போடுவதற்குத் தமிழில் உதவி கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைப் பெயருக்கு அது ஓரளவு உண்மை. ஜோடிப் பெயருக்கு அப்படி இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் படித்த உம்மைத்தொகையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ‘தாயும் சேயும்’ என்பதில் உள்ள ‘உம்’ மறைந்து ‘தாய் சேய்’ என்று நின்றால் அது உம்மைத்தொகை. ‘உம்’ வெளிப்படையாக வந்தால் எண்ணும்மை. மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்த வித்தியாசம் ஆங்கிலம் எழுதும்போது அப்படியே கை கொடுக்கிறது.

சொல்ல வந்ததைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றில் ஒரு வடிவம்தான் வாயில் வரும்.

“ஒரு பேனாவும் ஒரு குடையும் வாங்கினேன்” என்று வந்தால், அதாவது ‘உம்’ இரண்டு பெயரிலும் ஒட்டிக்கொண்டால், ஆங்கிலத்திலும் இரண்டு ஆர்ட்டிகிள். “எ பென் அண்ட் ஆன் அம்ப்ரெல்லா.”

“ஊசி நூல் கொடு” என்று ‘உம்’ இல்லாமல் ஒட்டி வந்தால், ஆங்கிலத்தில் ஒரே ஆர்ட்டிகிள், அல்லது ஆர்ட்டிகிளே கிடையாது. “கிவ் மீ எ நீடில் அண்ட் த்ரெட்.”

“செயலாளரும் பொருளாளருமான அவர்” என்று ‘உமான’ வந்தால், ஆள் ஒருவர்தான். ஆங்கிலத்தில் ஒரே ஆர்ட்டிகிள், வினையும் ஒருமை. “தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹேஸ் கம்.”

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் பிசகாமல் வேலை செய்யாது. எங்கெங்கே பிசகும் என்பதைப் போகப் போகச் சொல்கிறோம். ஆனாலும் தமிழ் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: செட்டா, தனித்தனியா?

ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு வேலை இல்லை என்றால் ஆங்கிலம் இரண்டையும் ஒரே பொருளாக எண்ணும். முன்னால் ஒரே ஒரு ‘எ’ போட்டால் போதும். பூட்டு சாவி, ‘எ லாக் அண்ட் கீ’. வில் அம்பு, ‘எ போ அண்ட் ஆரோ’. கப் சாசர், ‘எ கப் அண்ட் சாசர்’. உரல் உலக்கை, ‘எ மார்ட்டர் அண்ட் பெசில்’. கிரிக்கெட் ஆடப் போகிற பையனுக்கு ‘எ பேட் அண்ட் பால்’. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள் முதல் வேலையாக வாங்கும் பக்கெட் மக், ‘எ பக்கெட் அண்ட் மக்’.

முதல் படியில் பார்த்த ஊசி நூலில் ‘நூல்’ எண்ண முடியாத பெயர். தனியாக ‘எ த்ரெட்’ என்று எழுதினால் ஒற்றை இழை என்று அர்த்தம் மாறிப்போகும். ஆனாலும் ‘எ நீடில் அண்ட் த்ரெட்’ சரி. ‘எ’ அங்கே ஊசிக்கு மட்டும் போட்டதில்லை, செட்டுக்குப் போட்டது.

செட் இல்லாத பொருள்களுக்கு இந்தச் சலுகை இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் ஒருவர் டிக்கெட்டும் லக்கேஜுமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எ டிக்கெட் அண்ட் லக்கேஜ்’ என்று எழுதினால் அந்த ‘எ’ லக்கேஜ் மேலும் போய் விழுகிறது. லக்கேஜ் எண்ண முடியாத பெயர், அதற்கு ‘எ’ பொருந்தாது. ‘எ டிக்கெட் அண்ட் சம் லக்கேஜ்’ என்று எழுதுங்கள். ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றோடு ஜோடி சேர்க்கும்போதும் இதே கதைதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் ‘பிரியாணி அண்ட் பிரிஞ்சால் கறி’. சோறு சாம்பார் ‘ரைஸ் அண்ட் சாம்பார்’. உணவாகச் சொல்லும்போது ஆர்ட்டிகிளே வேண்டாம். ஆனால் கடையில் ஆர்டர் சொல்லும்போது ‘எ டீ அண்ட் எ பன்’ என்றால் தவறில்லை. அங்கே ‘எ டீ’ என்பது ஒரு கிளாஸ் டீ. எண்ண முடியாததை அளவோடு சேர்த்துப் பேசினால் எண்ணக்கூடியதாகிவிடும். “அண்ணா, ஒரு டீ, ஒரு பன்” என்று நாம் சொல்வதும் அதே கணக்குதான்.

மூன்றாம் படி: ‘எ’யா ‘ஆன்’ஆ என்பதை அடுத்த ஒலியிடம் கேளுங்கள்

ஆர்ட்டிகிள் தனக்கு அடுத்து நிற்கும் சொல்லின் முதல் ஒலியை மட்டும்தான் பார்க்கும். இரண்டு பெயர்களுக்கும் ஆர்ட்டிகிள் போடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முதல் பெயருக்கு ‘எ’ வந்தது என்பதால் இரண்டாவதற்கும் அதையே போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

மருத்துவச் சீட்டில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ஈசிஜி மூன்றும் உயிர் ஒலியில் தொடங்குகின்றன. எழுத்தாகப் பார்த்தால் எக்ஸும் எம்மும் மெய்யெழுத்துகள், ஆனால் வாயில் வருவது ‘எக்ஸ்’, ‘எம்’. அதனால் ‘எ பிளட் டெஸ்ட் அண்ட் ஆன் எக்ஸ்ரே’, ‘எ சிடி ஸ்கேன் அண்ட் ஆன் எம்ஆர்ஐ’, ‘ஆன் ஈசிஜி அண்ட் எ ஸ்கேன்’. இதற்கு நேர் எதிர் ‘யூனிஃபார்ம்’. எழுத்து உயிர், ஒலி ‘யூ’. எனவே ‘எ யூனிஃபார்ம் அண்ட் ஆன் ஐடி கார்டு’.

இரண்டு பெயருக்கும் ஒரே வகை ஆர்ட்டிகிள் பொருந்தவில்லை என்றால் பகிராமல் இரண்டையும் எழுதிவிடுங்கள். ‘ஆன் ஐடி கார்டு அண்ட் யூனிஃபார்ம்’ என்பதை இலக்கணப் பிழை என்று அடித்துத் திருத்த முடியாது. ஆனால் படிக்கிறவர் மனத்தில் ‘ஆன் யூனிஃபார்ம்’ என்று ஒரு நொடி இடறும். அந்த இடறலைத் தவிர்க்க ஒரு சிறு சொல் போதும் என்னும்போது ஏன் விட வேண்டும்?

நான்காம் படி: ஆள் ஒருவரா, இருவரா?

இந்த இடத்தில் தவறினால் செய்தியே மாறிவிடும். தேர்வுகளில் கேட்பதும் இதைத்தான்.

நம் மாவட்டத்தில் கலெக்டரும் மாவட்ட மாஜிஸ்டிரேட்டும் ஒரே ஆள். அதனால் அரசு அறிவிப்பு “தி கலெக்டர் அண்ட் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்டிரேட் ஹேஸ் ஆர்டர்டு” என்று வரும். ஒரு ‘தி’, ஒருமை வினை ‘ஹேஸ்’. கலெக்டரும் போலீஸ் சூப்பரின்டென்டென்டும் சேர்ந்து வந்தால் இருவர். “தி கலெக்டர் அண்ட் தி சூப்பரின்டென்டென்ட் ஆஃப் போலீஸ் ஹேவ் கம்.” இரண்டு ‘தி’, பன்மை வினை ‘ஹேவ்’. நீதிமன்றத்தில் ‘எ டிஸ்ட்ரிக்ட் அண்ட் செஷன்ஸ் ஜட்ஜ்’ என்றால் இரண்டு நீதிபதிகள் இல்லை, இரு அதிகாரமும் உள்ள ஒரே நீதிபதி.

ஆக, எழுவாயில் ஆர்ட்டிகிளை எண்ணுங்கள், பிறகு வினையைப் பாருங்கள். ஒரு ஆர்ட்டிகிள் போட்டு ஒருவரைச் சொல்லிவிட்டு ‘ஹேவ்’ எழுதினால் இடிக்கும்.

ஆனால் ‘தி பிரைட் அண்ட் குரூம் ஹேவ் அரைவ்டு’ என்று ஆங்கிலேயர்களே எழுதுகிறார்களே, அங்கே ஒரே ‘தி’தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணமகளும் மணமகனும் ஒரே ஆளாக இருக்க வழியே இல்லை. குழப்பம் வராத இடத்தில் ஆர்ட்டிகிளைப் பகிர்ந்துகொள்ளலாம், வினை மட்டும் பன்மையாக இருக்க வேண்டும். ‘தி கிங் அண்ட் குயின்’ இதே வகை. ‘மை ஃபாதர் அண்ட் மதர்’ என்பதும் அப்படித்தான். அங்கே ‘மை’ ஆர்ட்டிகிளின் இடத்தில் நிற்கிறது. செயலாளரும் பொருளாளரும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறு வேறு ஆளாகவும் இருக்கலாம். அந்த ஐயம் எழும் இடத்தில்தான் இரண்டு ஆர்ட்டிகிள் கட்டாயம். ‘மை ஃபிரெண்ட் அண்ட் நெய்பர் இஸ்’ என்றால் நண்பரே பக்கத்து வீட்டுக்காரர். ‘மை ஃபிரெண்ட் அண்ட் மை நெய்பர் ஆர்’ என்றால் இரண்டு பேர்.

பல வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த விதி எழுவாயில்தான் கறாராக நிற்கும். 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவர், மிஷனரியும்கூட. “ஐடா ஸ்கடர் வாஸ் எ டாக்டர் அண்ட் மிஷனரி” என்றும் எழுதலாம், “வாஸ் எ டாக்டர் அண்ட் எ மிஷனரி” என்றும் எழுதலாம். ஒருவரின் பெயரைச் சொல்லி ‘வாஸ்’ போட்டாகிவிட்டது, ஆள் ஒருவர்தான் என்பது தெரிந்துவிட்டது. இரண்டாவது ‘எ’ அங்கே இன்னொரு ஆளைக் கொண்டுவராது, இரண்டு தகுதியையும் சம அழுத்தத்தோடு சொல்லும், அவ்வளவுதான். இதைத் தவறு என்று அடிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அடிக்க வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது மட்டும் கவனம். “அவர் நல்ல ஆசிரியர்தான், நிர்வாகத்தில் அவ்வளவு கெட்டி இல்லை” என்பதற்கு “ஹி இஸ் எ பெட்டர் டீச்சர் தேன் அட்மினிஸ்ட்ரேட்டர்”. இரண்டாவது பெயருக்கு ஆர்ட்டிகிள் இல்லை, இரண்டு திறமையும் ஒரே ஆளுடையது. ‘தேன் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று எழுதினால் வேறு யாரோ ஒரு நிர்வாகியைவிட இவர் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று போய்விடும்.

ஐந்தாம் படி: பெயர் ஒன்று, அடைமொழி இரண்டு

ஆரணியில் பட்டுப்புடவைக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஆர்டர் வருகிறது. “ஐ வான்ட் எ ரெட் அண்ட் கிரீன் சாரி.” இது ஒரே புடவை. உடல் சிவப்பு, பார்டர் பச்சை, அல்லது இரண்டு நிறமும் கலந்த நெசவு. “ஐ வான்ட் எ ரெட் அண்ட் எ கிரீன் சாரி” என்றால் இரண்டு புடவைகள், ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. நடுவில் ஒரே எழுத்தாக நிற்கும் அந்த ‘எ’யை வைத்து ஒரு புடவையின் விலை கூடுகிறது. விதி இதுதான், ஆனால் எதிரில் படிக்கிறவரும் இதே நுட்பத்தோடு படிப்பார் என்று நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். “டூ சாரீஸ், ஒன் ரெட் அண்ட் ஒன் கிரீன்” என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் இதில் மாட்டுவார்கள். ‘எ லெஃப்ட் அண்ட் ரைட் ஷூ’ என்றால் இடமும் வலமுமாக ஒரே ஷூ என்றாகிறது. அப்படி ஒரு ஷூ கிடையாது. ‘எ லெஃப்ட் அண்ட் எ ரைட் ஷூ’ என்றால் இரண்டு. சுருக்கமாக ‘எ பேர் ஆஃப் ஷூஸ்’. ஒரு கால் ஷூவை மட்டும் சாம்பிளாக அனுப்பினால்தான் ‘எ ஷூ’.

‘தி’யோடு வரும் அடைமொழிகளுக்கு இரண்டு வழி. பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, தென் ஆற்காடு 1993இல். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘தி நார்த் அண்ட் சவுத் ஆர்க்காட் டிஸ்ட்ரிக்ட்ஸ்’ என்று எழுதலாம், ஒரு ‘தி’, கடைசிப் பெயர் பன்மை. அல்லது ‘தி நார்த் அண்ட் தி சவுத் ஆர்க்காட் டிஸ்ட்ரிக்ட்’, இரண்டு ‘தி’, பெயர் ஒருமை. ஒரு ‘தி’ போட்டுப் பெயரையும் ஒருமையில் விட்டுவிட்டால்தான் பிழை. ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்ஸ்’, ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் தி செகண்ட் ஃப்ளோர்’ என்பதற்கும் இதே விதி. ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லே இல்லாமல் வெறும் ஊர்ப்பெயராகச் சொன்னால் ‘நார்த் அண்ட் சவுத் ஆர்க்காட்’, ‘தி’ வேண்டாம்.

ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஊர்களுக்கு ஆர்ட்டிகிள் இல்லை, ஆறுகளுக்கு ‘தி’ உண்டு. ‘வேலூர் அண்ட் காட்பாடி’, ஆனால் ‘தி பாலாறு அண்ட் தி பொன்னை’. ‘ரிவர்ஸ்’ சேர்த்தால் ‘தி பாலாறு அண்ட் பொன்னை ரிவர்ஸ்’. ஜோடியில் ஒன்று ஊர், மற்றது ஆறு என்றால் அதற்கு அதற்கு உரியதைப் போடுங்கள்: ‘வேலூர் அண்ட் தி பாலாறு’. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று வேலூருக்கு ‘தி’ போட வேண்டாம்.

ஆறாம் படி: ஆர்ட்டிகிளே வேண்டாத ஜோடிகள்

உம்மைத்தொகை முழுமையாகக் கை கொடுக்கும் இடம் இது. கணவன் மனைவி, ‘ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்’. இரவு பகல், ‘டே அண்ட் நைட்’. ‘நைட் அண்ட் டே’ என்று இரவை முன்னால் வைத்தாலும் சரிதான். அண்ணன் தங்கை, ‘பிரதர் அண்ட் சிஸ்டர்’. பேனா பேப்பர், ‘பென் அண்ட் பேப்பர்’. உப்பு மிளகு, ‘சால்ட் அண்ட் பெப்பர்’. தாய் சேய் நலம், ‘மதர் அண்ட் சைல்ட் ஆர் டூயிங் வெல்’. முன்னிடைச் சொல் நடுவில் வரும் ஜோடிகளும் இதில் அடங்கும். நேருக்கு நேர் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’, கைகோத்து ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’, பக்கம் பக்கமாக ‘சைட் பை சைட்’, வீடு வீடாக ‘ஃப்ரம் டோர் டு டோர்’, உச்சி முதல் பாதம் வரை ‘ஃப்ரம் ஹெட் டு ஃபுட்’.

‘ஃப்ரம்’, ‘டு’ வரும்போது ஒரு பக்கம் மட்டும் ஆர்ட்டிகிள் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை. ‘ஃப்ரம் தி மார்னிங் டு நைட்’ என்று எழுதுகிறோம். ‘ஃப்ரம் மார்னிங் டு நைட்’ என்று இரண்டையும் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் போடுங்கள்.

ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வந்தார்கள் என்றால் ‘ரிச் அண்ட் பூர் அலைக்’. ஏழைகளுக்கும் பணக்காரர்களுக்கும் இடையே என்றால் ‘பிட்வீன் தி ரிச் அண்ட் தி பூர்’. தமிழில் ‘உம்’ வந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘தி’ வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

அதே ஜோடி சில இடத்தில் ஆர்ட்டிகிளோடும் வரும். பூட்டு சாவி வேண்டும் என்று கடையில் கேட்டால் ‘எ லாக் அண்ட் கீ’. பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது என்ற பொருளில் ‘அண்டர் லாக் அண்ட் கீ’, அங்கே ‘எ’ வராது. முன்னது கையில் எடுக்கும் பொருள், பின்னது ஒரு நிலை. ஆர்ட்டிகிள் பொருளுக்குத்தான் தேவைப்படும், நிலைக்கும் உறவுக்கும் தேவைப்படாது.

கணவன் மனைவியையே எடுத்துக்கொண்டு மூன்று வாக்கியம் பாருங்கள். “தே ஆர் ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்.” உறவைச் சொல்கிறது, ஆர்ட்டிகிள் இல்லை. “எ ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் வேர் வெயிட்டிங்.” முன்பின் தெரியாத ஒரு தம்பதி முதல்முறை பேச்சில் வருகிறார்கள், செட்டுக்கு ஒரு ‘எ’. “தி ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் லெஃப்ட்.” முன்பு சொன்ன அதே தம்பதி. இரண்டாவது வாக்கியத்தில் ‘எ’ ஒன்றே ஒன்று இருந்தாலும் வினை ‘வேர்’ பன்மை என்பதை விட்டுவிடாதீர்கள். ஆள்கள் இருவர் என்றால் வினை பன்மைதான். ‘எ கப் அண்ட் சாசர் வாஸ் ஆன் தி டேபிள்’ போன்ற பொருள் செட்டுக்குத்தான் ஒருமை வினை.

உம்மைத்தொகை ஏமாற்றும் இடமும் உண்டு. “அம்மா அப்பா வந்தாங்க” என்று நாம் சொன்னால் நம் அம்மா அப்பாதான் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வெறும் ‘மதர் அண்ட் ஃபாதர் கேம்’ என்று எழுதினால் மொட்டையாக நிற்கும். ‘மை மதர் அண்ட் ஃபாதர் கேம்’ என்று ‘மை’ சேர்க்க வேண்டும். “டாக்டர் நர்ஸ் எல்லாரும் வந்தாங்க” என்பதும் அப்படித்தான். பேச்சில் ஒட்டிச் சொன்னாலும் டாக்டரும் நர்ஸும் செட் கிடையாது. ‘எ டாக்டர் அண்ட் எ நர்ஸ்’ அல்லது ‘தி டாக்டர் அண்ட் தி நர்ஸ்’.

நோய்ப்பெயர்களுக்குத் தமிழ் எந்த வகையிலும் துணை வராது, மனப்பாடம்தான் வழி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ‘டயாபெட்டிஸ் அண்ட் ஹைப்பர்டென்ஷன்’, ஆர்ட்டிகிள் இல்லை. காய்ச்சலும் தலைவலியும் ‘எ ஃபீவர் அண்ட் எ ஹெடேக்’. இரண்டு வகையும் கலந்தால் கலந்தபடியே எழுதுங்கள்: ‘டயாபெட்டிஸ் அண்ட் எ ஹார்ட் பிராப்ளம்’.

ஏழாம் படி: இரண்டுக்கு மேல் போனால், ‘போத்’ வந்தால்

கோட்டைக்குத் திரும்புவோம். மூன்று பெயர்கள் என்றால் மூன்றுக்கும் ஆர்ட்டிகிள் போடுங்கள், அல்லது முதலாவதற்கு மட்டும் போடுங்கள். “தி ஃபோர்ட் ஹேஸ் எ டெம்பிள், எ மாஸ்க் அண்ட் எ சர்ச்.” இதுதான் சிறப்பு, மூன்றும் தனித்தனிக் கட்டடங்கள். ‘எ டெம்பிள், மாஸ்க் அண்ட் சர்ச்’ ஏற்கத்தக்கது. ‘எ டெம்பிள், மாஸ்க் அண்ட் எ சர்ச்’ என்று நடுவில் மட்டும் விடுவதுதான் நொண்டும்.

‘போத்’, ‘ஐதர்’, ‘நைதர்’ வந்தால் பகிர்வதை மறந்துவிடுங்கள். ‘போத் எ டெம்பிள் அண்ட் எ மாஸ்க்’, ‘ஐதர் எ பஸ் ஆர் எ ட்ரெயின்’, ‘நைதர் எ பென் நார் எ பென்சில்’. இந்தச் சொற்கள் தராசு போல, இரண்டு தட்டிலும் சமமாக வைக்க வேண்டும்.

அளவு சொல்லும் ஜோடிகள் சிலவற்றை அப்படியே பழகிக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ‘ஆன் ஹவர் அண்ட் எ ஹாஃப்’, ஒன்றரை வருடம் ‘எ இயர் அண்ட் எ ஹாஃப்’. ‘ஹவர்’ உயிர் ஒலி, ‘இயர்’ தொடங்குவது ‘யி’ ஒலியில், அதனால் ‘எ’. ஓரிரு நாள் ‘எ டே ஆர் டூ’. ‘ஓரிரு’ என்று தமிழ் ஒட்டியது போலவே அங்கும் ஒரே ஆர்ட்டிகிள்.

கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, பேன்ட், இடுக்கி போன்றவை வேறு வகை. ஒரே பொருளாக இருந்தும் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. ‘எ சிசர்ஸ்’ என்று எழுதாதீர்கள், ‘எ பேர் ஆஃப் சிசர்ஸ்’. இதை இன்னொரு பெயரோடு சேர்க்கும்போது ‘எ’யைப் பகிர முடியாது. ‘எ நைஃப் அண்ட் எ பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்று முழுதாக எழுத வேண்டும். ‘தி’ என்றால் தடையில்லை, ‘தி நைஃப் அண்ட் சிசர்ஸ்’. வினையில் ‘தி சிசர்ஸ் ஆர்’ பன்மை, ‘திஸ் பேர் ஆஃப் சிசர்ஸ் இஸ்’ ஒருமை.

எட்டாம் படி: எழுதியதைத் திருத்திப் பாருங்கள்

ஒரு பத்தியைத் திருத்தினால்தான் இத்தனையும் கையில் படியும். பென்சிலால் ஒவ்வொரு ‘அண்ட்’, ‘ஆர்’ சொல்லையும் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு இடப்பக்கப் பெயரையும் வலப்பக்கப் பெயரையும் மட்டும் பாருங்கள். கீழே இருப்பது தவறான பத்தி.

“ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் கேம் ஃப்ரம் ஆரணி டு வேலூர். தே ஹேட் எ பேக் அண்ட் எ லக்கேஜ். டாக்டர் அண்ட் நர்ஸ் மெட் தெம். வைஃப் நீடட் ஆன் ஸ்கேன் அண்ட் எ எக்ஸ்ரே. தே பாட் எ பக்கெட் அண்ட் எ மக் அண்ட் அம்ப்ரெல்லா. தி ஹஸ்பண்ட் அண்ட் வைஃப் வாஸ் டயர்டு. தே வென்ட் ஹோம் ஆஃப்டர் தி டே ஆர் டூ.”

முதல் வாக்கியம்: புதிதாக அறிமுகமாகும் தம்பதி, ‘எ ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்’. ஆரணி, வேலூர் ஊர்ப்பெயர்கள், அங்கே தொட வேண்டாம். இரண்டாவது: லக்கேஜ் எண்ண முடியாதது, ‘எ பேக் அண்ட் சம் லக்கேஜ்’. மூன்றாவது: டாக்டரும் நர்ஸும் செட் இல்லை, ‘எ டாக்டர் அண்ட் எ நர்ஸ்’. நான்காவது: மனைவி யார் என்று முன்பே தெரியும், ‘தி வைஃப்’. பிறகு ஆர்ட்டிகிள்களை இடம் மாற்றுங்கள், ‘எ ஸ்கேன் அண்ட் ஆன் எக்ஸ்ரே’.

ஐந்தாவதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பக்கெட் மக் ஒரு செட், குடை தனி. ‘எ பக்கெட் அண்ட் மக் அண்ட் ஆன் அம்ப்ரெல்லா’. மூன்று பொருளுக்கு இரண்டு ஆர்ட்டிகிள். எது எதோடு சேர்ந்தது என்பதைக் காற்புள்ளி இல்லாமலே ஆர்ட்டிகிள் காட்டிவிடுகிறது. ‘எ பக்கெட் அண்ட் எ மக்’ என்று தனித்தனியாக எழுதினாலும் பிழையில்லை. அப்படி எழுதினால் ‘எ பக்கெட், எ மக் அண்ட் ஆன் அம்ப்ரெல்லா’ என்று மூன்றுக்கும் போட்டுவிடுங்கள்.

ஆறாவதில் ஆர்ட்டிகிள் சரி, வினை தவறு. இருவர் என்பதால் ‘வேர் டயர்டு’. ஏழாவது ‘ஆஃப்டர் எ டே ஆர் டூ’. எந்த நாள் என்று குறிப்பிடாமல் தோராயமாகச் சொல்வதால் அங்கே ‘தி’க்கு இடமில்லை.